குனிந்தே வேலை செய்பவருக்கு வயிற்றுப் பயிற்சி: மதுரை நகைத் தொழிலாளி ஒருவரின் பதினாறு வாரங்கள்

வந்தவரும் குறையும்

தெற்காவணி மூல வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் நகைப் பட்டறையில் வேலை பார்ப்பவர், வயது 36. காலை ஒன்பதரைக்குத் தரையில் பலகை முன் உட்கார்ந்தால் இரவு எட்டு மணி வரை அராவுவதும் பத்த வைப்பதும் (துண்டுகளைச் சூட்டில் ஒட்டுவது) கல் பதிப்பதுமாகக் குனிந்த வேலை. மார்ச் முதல் வாரத்தில் எங்களிடம் பயிற்சிக்கு வந்தபோது இரண்டு குறைகள் சொன்னார். பத்து மாதமாகத் தினமும் 150 சிட்-அப் எடுத்தும் தொப்பை இறங்கவில்லை. நான்கு மாதமாகக் கீழ் முதுகு வலிக்கிறது. காலையில் வாளியைத் தூக்கக் குனியும்போதும், மாலையில் பட்டறையிலிருந்து எழும்போதும் பிடித்துக்கொள்கிறது.

அவருடைய பயிற்சி இப்படி நடந்தது. ஐந்தரைக்கு எழுந்து, முகம் கழுவிய கையோடு பீரோவுக்கு அடியில் கால்விரல்களைச் செருகிக்கொள்வார். கைகளைப் பிடரியில் கோத்து, ஐம்பது ஐம்பதாக மூன்று செட். ஒவ்வொரு செட்டும் ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். வயிற்றைச் சுற்றி வியர்வை பெல்ட் ஒன்றும் கட்டிக்கொள்வார். வேறு உடற்பயிற்சி கிடையாது. பட்டறைக்கும் பைக்கில்தான் போவார்.

வலி இருப்பதால் முதலில் எலும்பியல் மருத்துவரைப் பார்த்து வரச் சொன்னோம். காலுக்கு இறங்கும் வலி, மரத்துப்போதல், பாதம் தூக்க முடியாமை, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடில்லாமல் போவது, காரணமில்லாமல் எடை குறைவது, தூக்கத்தைக் கெடுக்கும் வலி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் பயிற்சியாளர் கை வைக்கக் கூடாது. இவருக்கு அவை எதுவும் இல்லை. நரம்பு அழுத்தத்துக்கான அறிகுறியும், தொப்புளிலோ தொடை இடுக்கிலோ குடலிறக்கமும் இல்லை என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். ரத்த அழுத்தம் 136/88. மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்யும் எதையும் இவருக்குத் தரக் கூடாது என்பதை அந்த எண்ணே சொல்லிவிட்டது.

அளந்தவை

உயரம் 168 செ.மீ., எடை 76 கிலோ, பி.எம்.ஐ. 26.9, இடுப்புச் சுற்றளவு 96 செ.மீ. பேன்ட் சைஸ் 34 என்பதால் தன் இடுப்பும் 34 இஞ்ச் என்றே நம்பியிருந்தார். பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டுகிறவர்கள் எல்லாருக்கும் இந்த ஏமாற்றம் உண்டு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் நாடாவைச் சுற்றி, இயல்பாக மூச்சை விட்ட முடிவில் எண்ணைப் படிக்க வேண்டும். வயிற்றை எக்கினால் 3, 4 செ.மீ. பொய் சொல்லும். இந்தியர்களுக்கு ஆண் 90, பெண் 80 செ.மீ. எல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) இந்தியாப் (INDIAB) ஆய்வு, 2023-இல் வெளியானது, நாட்டில் வளர்ந்தவர்களில் 39.5 சதவீதம் பேருக்கு வயிற்றுப் பருமன் இருப்பதாகக் கணக்கிட்டது. நம்மவர்களுக்குக் கையும் காலும் மெலிந்திருக்க, வயிற்றில் மட்டும் கொழுப்பு சேர்வது சாதாரணம். எடை மெஷினை மட்டும் நம்புவதைவிட நாடாவை நம்புவது மேல்.

அடுத்து, நடுவுடம்பு எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்த்தோம். முழங்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி உடம்பைப் பலகைபோல் நேராக நிறுத்தும் முன்பக்க பிளாங்க் 38 விநாடி. ஒருக்களித்து ஒரு முழங்கையில் நிற்கும் பக்கவாட்டு பிளாங்க் வலப்புறம் 31, இடப்புறம் 19. கட்டில் விளிம்பில் இடுப்பு வரை கவிழ்ந்து படுத்து, ஒருவர் காலைப் பிடித்துக்கொள்ள, மேலுடம்பைத் தரைக்கு இணையாக நிறுத்தும் முதுகுத் தேர்வில் 41 விநாடி. ஆள் தரையில் விழும் வரை கடிகாரத்தை ஓட விடக் கூடாது. இடுப்பு தொய்ந்த கணத்தில் நிறுத்த வேண்டும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகுத்தண்டு இயக்கவியலை நெடுங்காலம் ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில், இட வல வித்தியாசம் 5 சதவீதத்தைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்கிறார். இவருக்கு அது 40 சதவீதத்தை ஒட்டி இருந்தது. 150 சிட்-அப் எடுக்கிற ஒருவரால் இடப்புறம் ஒருக்களித்து இருபது விநாடி நிற்க முடியவில்லை.

இடுப்பின் முன்பக்கத் தசைகளின் இறுக்கத்தையும் பார்த்தோம். கட்டில் ஓரத்தில் மல்லாந்து படுத்து ஒரு முழங்காலை மார்போடு அணைத்தால், தொங்கும் மற்ற தொடை கட்டில் மட்டத்துக்காவது இறங்க வேண்டும். இவருக்கு இரண்டு பக்கமும் மேலே தூக்கிக்கொண்டு நின்றது. பிறகு ஒரு சிலம்பக் கம்பைப் பின்தலை, தோள்பட்டைகளின் நடு, வால் எலும்பு என மூன்று இடத்திலும் படும்படி முதுகோடு பிடித்துக்கொண்டு குனியச் சொன்னோம். பாதி தூரம் போவதற்குள் கம்பு வால் எலும்பை விட்டு விலகியது. இடுப்பு மூட்டில் மடங்க வேண்டியவர் முதுகிலேயே மடங்கிப் பழகியிருந்தார்.

சிட்-அப் ஏன் கை கொடுக்கவில்லை

அவர் சிட்-அப் எடுப்பதைப் பக்கவாட்டிலிருந்து செல்போனில் எடுத்துப் பார்த்தோம். முதல் அசைவிலேயே கீழ் முதுகு தரையை விட்டு வில்லாக வளைந்தது; அதன் பிறகுதான் மார்பு எழுந்தது.

நெஞ்செலும்பின் நுனியிலும் விலா முனைகளிலும் தொடங்கி அடிவயிற்று எலும்பு வரை இறங்கும் நீளத் தசையான ரெக்டஸ் அப்டாமினிஸ்தான் சிக்ஸ் பேக்காகத் தெரிவது. அதன் வேலை விலாக்கூட்டை இடுப்பெலும்பை நோக்கிச் சுருட்டுவது. மல்லாந்த நிலையிலிருந்து தோள்பட்டை தரையை விட்டு எழும் அளவோடு, ஏறத்தாழ 30 பாகையில், அந்தச் சுருட்டல் முடிந்துவிடும். அதற்கு மேல் எழுந்து உட்காருவது இடுப்பு மூட்டில் நடக்கும் மடக்கம். அதைச் செய்பவை சோவாஸ் உள்ளிட்ட தொடை மடக்கும் தசைகள். சோவாஸ் கீழ் முதுகு எலும்புகளின் பக்கவாட்டில் தொடங்கித் தொடை எலும்பில் போய் முடிகிறது. ஆகவே அது இழுக்கும்போதெல்லாம் முதுகெலும்புகளை ஒன்றன்மேல் ஒன்று அழுத்துகிறது. பாதத்தைப் பீரோவுக்கு அடியில் மாட்டினால் பிடிமானம் கிடைத்த தெம்பில் இந்தத் தசைகளே வேலையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும். எண்ணிக்கை ஏறும், வயிறு குறைவாகத்தான் உழைத்திருக்கும்.

மெக்கில் குழுவின் அளவீடுகளில், ஒரு சிட்-அப்பின்போது கீழ் முதுகின் மேல் விழும் அழுத்தம் 3,000 நியூட்டனை (விசையின் அலகு) தாண்டியது. எடை தூக்கும் தொழிலாளர்களுக்கு அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வைத்திருக்கும் 3,400 நியூட்டன் வரம்பை அது கிட்டத்தட்டத் தொடுகிறது. முழங்காலை மடக்கி வைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. அமெரிக்க ராணுவமே 1980 முதல் நடத்தி வந்த இரண்டு நிமிட சிட்-அப் தேர்வை விட்டுவிட்டு, 2022-இல் பிளாங்குக்கு மாறியது.

நேரமும் தவறு. இரவு படுத்திருக்கும்போது முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகள் நீரை உறிஞ்சி உப்புகின்றன. எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் குனிந்தால் வட்டின் மேல் விழும் வளைவு அழுத்தம் மற்ற நேரத்தைவிடப் பல மடங்கு. காலை நேரக் குனிதலைத் தவிர்க்கச் சொன்னதாலேயே நாள்பட்ட முதுகு வலி குறைந்ததாக 1998-இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. இவரோ அந்த ஒரு மணி நேரத்தில் 150 தடவை வளைந்துவிட்டு, அதே வளைவில் பத்து மணி நேரம் உட்காரப் போகிறார். தொழிலே குனிதலாக இருக்கும் ஒருவருக்குப் பயிற்சியிலும் குனிதலைக் கொடுப்பது, புண்ணான இடத்தையே மறுபடி தேய்ப்பது.

தொப்பை இறங்காததற்குக் காரணம் வேறு. வயிற்றுத் தசை உழைத்தால் அதன் மேலிருக்கும் கொழுப்பு அங்கேயே கரையும் என்பது பலமாக வேரூன்றிய நம்பிக்கை. 2011-இல் வெளியான ஓர் ஆய்வில் 24 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பகுதியினருக்கு ஆறு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், ஏழு வகை வயிற்றுப் பயிற்சி கொடுத்தார்கள். தசையின் தாங்கும் திறன் கூடியது. வயிற்றுக் கொழுப்பும் சுற்றளவும் அசையவில்லை. உடம்பு கொழுப்பை எடுக்கும் இடத்தை நாம் தீர்மானிக்க முடியாது. வியர்வை பெல்ட் எடுப்பதும் தண்ணீரை மட்டுமே. ஒரு செம்பு தண்ணீர் குடித்ததும் அது திரும்பிவிடும். மதுரை வெயிலில் அதைக் கட்டிக்கொண்டு பயிற்சி செய்வது ஆபத்தும்கூட. முதல் நாளே கழற்றி வைக்கச் சொன்னோம்.

முதல் நான்கு வாரம்: இறுக்கிப் பிடிக்கப் பழகுதல்

பந்தல் காலை நாலு புறமும் கயிறு கட்டி நிறுத்துவதுபோல, முன்புற நீளத் தசை, இரண்டு பக்கச் சாய்தசைகள், உள்ளே பட்டை போலச் சுற்றிய குறுக்குத் தசை, பின்னால் முதுகுத் தசைகள் எல்லாம் சேர்ந்து இறுகினால்தான் முதுகுத்தண்டு நிற்கும். சிட்-அப்பை முழுவதும் நிறுத்திவிட்டு இதிலிருந்து தொடங்கினோம். வயிற்றை உள்ளே எக்கச் சொல்லவில்லை. எக்குவது வேறு, இறுக்குவது வேறு. விலாவுக்குக் கீழே இரண்டு பக்கமும் விரலை வைத்து, "வயித்துல ஒரு குத்து விழப்போகுதுன்னா எப்படி இறுக்குவீங்க, அந்த மாதிரி இறுக்குங்கண்ணே, ஆனா மூச்சு ஓடிக்கிட்டே இருக்கணும்" என்று சொன்னதும் பிடித்துக்கொண்டார். விரலை வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டு தசை கெட்டிப்பட வேண்டும். பேச முடியாத அளவுக்கு இறுக்கினால் அது அதிகம்.

நேரத்தை இரவு எட்டரைக்கு மாற்றினோம். பத்து நிமிடம் நடந்துவிட்டுத் தொடங்க வேண்டும். வாரத்தில் ஐந்து நாள், இருபது நிமிடம். நான்கே பயிற்சிகள்.

டெட் பக்: மல்லாந்து படுத்து, கைகளை மேலே நீட்டி, இடுப்பையும் முழங்காலையும் செங்கோணத்தில் மடக்கி வைக்க வேண்டும். இடுப்புக்கும் தரைக்கும் இடையில் மடித்த துண்டு ஒன்று. எதிரெதிர் கையையும் காலையும் மூன்று விநாடியில் நீட்டிக்கொண்டே மூச்சை வெளியே விட்டு, குதிகால் தரைக்கு நாலு விரல் மேலே வந்ததும் திரும்ப வேண்டும். பக்கத்துக்கு ஆறு, மூன்று செட். பக்கத்தில் இருப்பவர் துண்டை இழுத்துப் பார்ப்பதே சோதனை. துண்டு வழுக்கி வந்தால் முதுகு வளைந்துவிட்டது, விலா மேலே எழும்பிவிட்டது என்று பொருள். இவருக்கு முதல் வாரம் முழுக்கத் துண்டு கையோடு வந்தது. காலை நீட்டுவதை விட்டு, மடக்கிய காலின் குதிகாலைத் தரையில் தட்டி எடுக்கும் அளவோடு நிறுத்தியதும் சரியானது. இறுக்கமான தொடைத் தசை உள்ளவர்கள் எடுத்த எடுப்பில் காலை முழுக்க நீட்டினால் பயிற்சி முதுகுக்குப் போய்விடும்.

பேர்டு டாக்: கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி நாலு காலில் நின்று எதிரெதிர் கை கால் நீட்டி எட்டு விநாடி. வால் எலும்புக்கு மேலே அரை எவர்சில்வர் டம்ளர் தண்ணீர் வைத்தோம். காலைத் தூக்கும் ஆசையில் இடுப்பைத் திருப்புகிறவர்களுக்கு வேறு விளக்கமே தேவையில்லை, நனைந்துவிடும். பக்கத்துக்கு ஆறு, பிறகு நாலு, பிறகு இரண்டு என்று இறங்குவரிசை. எண்ணிக்கை குறைந்துகொண்டே வருவதால் களைப்பில் வடிவம் கெடாது.

முழங்கால் ஊன்றிய பக்கவாட்டு பிளாங்க், பத்து விநாடிப் பிடிப்புகள், அதே ஆறு நாலு இரண்டு. முழங்கை தோளுக்கு நேர் கீழே இருக்க வேண்டும். தள்ளி வைத்தால் வயிற்றுக்கு முன் தோள் வலிக்கும். இடப்புறத்துக்கு மட்டும் ஒரு செட் கூடுதல்.

நான்காவது, மெக்கில் பாணிச் சிறு சுருட்டல். ஒரு கால் நீட்டி, ஒரு கால் மடக்கி, உள்ளங்கைகளைக் கீழ் முதுகுக்கு அடியில் வைத்து, தலையும் தோளும் தரையை விட்டு இரண்டு மூன்று விரல் உயர்ந்தால் போதும். எட்டு விநாடி. மோவாய் நெஞ்சில் படக் கூடாது, பார்வை மேற்கூரையில். இவ்வளவு சின்ன அசைவா என்று அவருக்கு முதலில் நம்பிக்கையே வரவில்லை. நான்காவது பிடிப்பில் வயிறு நடுங்கத் தொடங்கியதும் கேள்வி நின்றது.

பட்டறையில் செய்த மாற்றம் பயிற்சிக்குச் சமமான பங்கு வகித்தது என்பது எங்கள் மதிப்பீடு. தரையில் உட்காரும்போது இடுப்பு முழங்காலைவிடத் தாழ்ந்தால் முதுகு தானாகக் கூன் விழும். கெட்டியான தேங்காய் நார் மெத்தைத் துண்டு ஒன்றை 12 செ.மீ. உயரத்துக்கு அடுக்கி உட்கார வைத்தோம். பஞ்சு மெத்தை அமுங்கிவிடும், பயனில்லை. வேலைப் பலகையையும் செங்கல் வைத்து அதே அளவு உயர்த்தினார், இல்லாவிட்டால் மறுபடி குனிய வேண்டும். நாற்பது நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து, கைகளை மேலே நீட்டி நாலு மூச்சு. பத்த வைப்பின் நடுவில் எழ முடியாது என்றதால், ஒரு உருப்படி முடிந்து கையை விட்டதும் எழுவது என்று வைத்துக்கொண்டார்.

சாப்பாடும் நடையும்

மூன்று நாள் சாப்பிட்டதை எழுதி வாங்கினோம். காலை நாலு இட்லி, ஒரு வடை. மதியம் வீட்டுச் சாப்பாடு, சோறு தாராளம். பட்டறைக்கு வரும் டீ நாளுக்கு ஆறு, ஒவ்வொன்றிலும் இரண்டு டீஸ்பூன் சர்க்கரை. அதிலேயே 50 கிராமுக்கு மேல் சர்க்கரை. இரவு பத்தரைக்கு நாலு பரோட்டா, சால்னா, ஒரு ஆம்லெட். ஒரு பரோட்டா அளவையும் எண்ணெயையும் பொறுத்து 250 முதல் 350 கலோரி வரும். நாலுக்கே ஆயிரம் தாண்டிவிடுகிறது, சால்னாவின் எண்ணெய் தனி. புரதம் நாளுக்கு 45 கிராமை ஒட்டித்தான் இருந்தது.

மதுரைக்காரரிடம் பரோட்டாவை அடியோடு விடச் சொல்லும் திட்டம் இரண்டு வாரம் தாங்காது. வாரத்தில் இரண்டு இரவு, இரண்டு பரோட்டா, சால்னாவுக்குப் பதில் கோழிச் சாப்ஸ் அல்லது இரண்டு முட்டை என்று பேசி முடித்தோம். மற்ற இரவுகளில் ஒன்பதரைக்குள் மூன்று இட்லியோ இரண்டு சப்பாத்தியோ, கூட இரண்டு முட்டை. டீ மூன்று, சர்க்கரை பாதி. நாலு மணிக்கு வடைக்குப் பதில் ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டல், ஏறத்தாழ 12 கிராம் புரதம். மதியச் சோற்றில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து, மீன் அல்லது கோழி 100 கிராம், சைவ நாளில் பருப்பும் தயிரும். மொத்தம் 90 கிராம் புரதம், நாளுக்கு 400 கலோரி குறைவு என்பது இலக்கு. புரதம் இல்லாமல் கலோரியை மட்டும் குறைத்தால் கொழுப்போடு தசையும் போய்விடும். எடை இறங்கும், வயிறு தொளதொளவென்றே இருக்கும்.

நடைக்கு வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். குளம் 305 மீட்டருக்கு 290 மீட்டர்; வெளிச்சுவரை ஒட்டி ஒரு சுற்று ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர். காலையில் மூன்று சுற்று, நாற்பது நிமிடத்துக்குள். எழுந்ததும் குனிய வேண்டாம், நடக்கலாம். நிமிர்ந்து நடமாடும்போது வட்டின் வீக்கமும் வடியத் தொடங்கும்.

ஐந்து முதல் பத்தாவது வாரம்

நான்காம் வார முடிவில் காலை வலி பாதிக்கு மேல் குறைந்திருந்தது. துண்டு நகராமல் பக்கத்துக்கு எட்டு டெட் பக், முழங்கால் ஊன்றிய பக்கவாட்டு பிளாங்க் இரண்டு புறமும் 30 விநாடி, மறுநாள் காலை வலி கூடாமல் இருப்பது என்ற மூன்று நிபந்தனைகளையும் தாண்டிய பிறகே அடுத்த கட்டம்.

வாரத்தில் மூன்று நாள், ஒரு நாள் இடைவெளி விட்டு. பிளாங்கை நிமிடக் கணக்கில் நீட்டவில்லை. முழங்கைகளைக் கால்விரலை நோக்கி இழுப்பதுபோல், புட்டத்தையும் தொடையையும் சேர்த்து இறுக்கி, பத்து விநாடி, ஆறு தடவை. இப்படிச் செய்தால் ஐந்து நிமிடம் தொய்ந்து கிடப்பதைவிட உழைப்பு அதிகம். கால் நீட்டிய பக்கவாட்டு பிளாங்க் 15 விநாடி, பக்கத்துக்கு நாலு. பழைய சைக்கிள் டியூபை நெஞ்சு உயரத்தில் ஜன்னல் கம்பியில் கட்டி, பக்கவாட்டில் நின்று இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே தள்ளி மூன்று விநாடி நிறுத்துவது, பக்கத்துக்கு எட்டு, மூன்று செட். டியூப் உடம்பைத் திருப்பப் பார்க்கும், திரும்பாமல் இருப்பதுதான் பயிற்சி. வெயிலில் காய்ந்த ரப்பர் திடீரென்று அறுந்து முகத்தில் அடிக்கும். ஒவ்வொரு முறையும் இழுத்து, வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டே தொடங்க வேண்டும்.

ஒரு கையில் மட்டும் சுமையோடு நடப்பதுதான் இந்தக் கட்டத்தில் அதிகம் பலன் தந்தது. கைப்பிடி உள்ள 15 லிட்டர் எண்ணெய்க் கேனில் முதலில் பத்து லிட்டர் தண்ணீர், மூன்று வாரத்தில் பதினைந்து. 20 மீட்டர், பக்கத்துக்கு நாலு நடை. சுமை இருக்கும் பக்கம் சாய்வது ஒரு தப்பு, அதைச் சரிக்கட்ட எதிர்ப்பக்கம் சாய்வது அதைவிடப் பொதுவான தப்பு. தோள் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். கைப்பிடி இல்லாத 20 லிட்டர் குடிநீர் கேனைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கினால் விரல்தான் முதலில் ஓயும், இடுப்புக்கு வேலை வராது.

இவற்றோடு மார்போடு எடை அணைத்த ஸ்குவாட் (உட்கார்ந்து எழுதல்), கம்பை முதுகில் வைத்துப் பழகிய குனிதல், தண்டால், டியூப் இழுவை தலா மூன்று செட். நடுவுடம்பை மட்டும் தனியாக வளர்க்கும் திட்டங்களில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை. கலோரிச் செலவும் தசை வளர்ச்சியும் பெரிய அசைவுகளில்தான் இருக்கின்றன.

எட்டாவது வாரம், ஏப்ரல் கடைசி. அட்சய திருதியைக்கான ஆர்டர்கள், சித்திரைத் திருவிழாக் கூட்டம், பட்டறையில் பதின்மூன்று மணி நேர வேலை. நாற்பது நிமிட ஓய்வு நின்றது, இரவு பரோட்டா திரும்பியது, பயிற்சி வாரம் ஒரு நாளானது. அந்த ஒரு நாளில் ஜிம்மில் ஒரு நண்பர், மல்லாந்து படுத்திருப்பவரின் நீட்டிய கால்களைப் பிடித்துத் தரையை நோக்கி எறியும் பயிற்சியைச் செய்ய வைத்திருக்கிறார். மறுநாள் காலையில் செருப்பு மாட்ட முடியவில்லை.

கால் எறிதலில் சுமை திடீரென விழுகிறது, அதுவும் நீண்ட நெம்புகோலில். காலைத் தரைக்கு முன்னால் நிறுத்துவது தொடை மடக்கும் தசை. வயிறு இடுப்பெலும்பை அசையாமல் பிடித்திருந்தால் மட்டுமே முதுகு தப்பும். பதின்மூன்று மணி நேரம் குனிந்து களைத்த தசை அதைப் பிடிக்கவில்லை. காலுக்கு இறங்கும் வலியோ மரப்போ இல்லை என்று உறுதி செய்துகொண்டு, படுக்கையில் கிடக்க விடாமல் ஒரு நாளைக்கு மூன்று முறை பத்து நிமிட நடையும், முதல் கட்டப் பயிற்சிகளில் பாதியும் கொடுத்தோம். ஒன்பது நாளில் பழைய நிலை. அந்த இரண்டு வாரத்தில் எடை 600 கிராம் ஏறியிருந்தது. விசேஷ நாள்களுக்கென்று பன்னிரண்டு நிமிடத் திட்டம் ஒன்றை அதற்குப் பிறகுதான் எழுதினோம்: டெட் பக், பக்கவாட்டு பிளாங்க், சுமை நடை, அவ்வளவே. வேலை நெருக்கும் வாரத்துக்கான குறைந்தபட்சத் திட்டத்தைத் தொடக்கத்திலேயே எழுதி வைப்பது நகைத் தொழில், தையல், பூக்கட்டு என்று பருவம் பார்த்து வேலை குவியும் எல்லாருக்கும் பொருந்தும்.

கடைசி ஆறு வாரம்

வலி இல்லாமல் முழுதாக ஒரு வாரம் கடந்த பிறகு, வயிற்றை வளைக்கும் பயிற்சிகளைத் திரும்பக் கொண்டுவந்தோம். சுருட்டல் பயிற்சி எல்லாருக்கும் எப்போதும் கேடு என்று சொல்வது மிகை. ரெக்டஸும் மற்ற தசைகளைப் போலத்தான். பருக்க வேண்டுமென்றால் சுமையோடு சுருங்கி விரிய வேண்டும், ஓய்வு வேண்டும். வாரத்தில் இரண்டு நாள், மாலையில் மட்டும், ஒரு செட்டுக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை (ரெப்ஸ்). பன்னிரண்டு எளிதானால் எண்ணிக்கையைக் கூட்டாமல் கடினத்தைக் கூட்டினோம்.

நெஞ்சில் 2.5 கிலோ தட்டு அணைத்த க்ரஞ்ச் (சுருட்டல்), தோள்பட்டை எழும் அளவோடு, மேலே ஒரு விநாடி நிறுத்தி, மூன்று விநாடியில் இறக்கம். ஆறு வாரத்தில் 7.5 கிலோ. அடுத்து பாரில் தொங்கி முழங்கால் தூக்குதல். முழங்கால் இடுப்பு மட்டத்துக்கு வருவது வரை வேலை தொடைத் தசையுடையது. அங்கிருந்து இடுப்பெலும்பையே மேல்நோக்கிச் சுருட்டினால்தான் அடிவயிறு சுருங்கும். பெரும்பாலானோர் அந்தக் கடைசி நாலு அங்குலத்தைச் செய்யாமல், ஊஞ்சலாடி எண்ணிக்கையை ஏற்றுகிறார்கள். ஆட்டத்தை நிறுத்த ஒவ்வொரு ரெப்புக்கும் நடுவில் இரண்டு விநாடி அசையாமல் தொங்க வைத்தோம். பதினைந்து எடுத்தவர் ஐந்துக்கு வந்தார். இந்தக் கட்டத்தின் ஆறாவது வாரத்தில் ஒன்பது.

இரு பக்கமும் கைப்பிடி உள்ள சக்கர ரோலரை முழங்கால் ஊன்றி, சுவரைப் பார்த்து உருட்டினோம். சக்கரம் தொடங்கும் இடத்திலிருந்து 50 செ.மீ. தள்ளிச் சுவர், அதற்கு மேல் போக முடியாது. இடுப்பு தொய்யாமல் பத்து வந்ததும் 10 செ.மீ. பின்னால் நகர்வது. சுவரில்லாமல் முதல் நாளே முழு நீளம் உருட்டுகிறவர்கள் திரும்பி வரும்போது முதுகை வளைத்து இழுக்கிறார்கள். மறுநாள் முதுகு பிடிப்பதற்கு அதுதான் காரணம்.

பதினாறாம் வாரம்

எடை 76-லிருந்து 71.4 கிலோ. இடுப்பு 96-லிருந்து 88.5 செ.மீ., 90-க்குக் கீழே வந்துவிட்டது. முன்பக்க பிளாங்க் 95 விநாடி, பக்கவாட்டில் வலம் 52, இடம் 48, முதுகுத் தேர்வு 88. ரத்த அழுத்தம் 126/82. தினசரி வலி இல்லை. நீண்ட வேலை நாளின் முடிவில் லேசான பிடிப்பு, எழுந்து நடந்ததும் போய்விடுகிறது. கம்பு மூன்று இடத்தையும் விடாமல் குனிகிறார்.

ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 கலோரி என்று போட்டால், 4.6 கிலோ என்பது நாளுக்கு ஏறத்தாழ 315 கலோரிக் குறைவு. இலக்கு 400, சித்திரை மாதம் தின்றது மீதி. வலி குறைந்ததில் பயிற்சியின் பங்கு எவ்வளவு, இருக்கை உயரத்தின் பங்கு எவ்வளவு என்று ஒருவரை வைத்துப் பிரிக்க முடியாது. கீழ் முதுகு வலி காலப்போக்கில் தானாகக் குறைவதும் உண்டு. இடுப்பு இறங்கியதற்குச் சாப்பாடும் நடையுமே பெரும் காரணம் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை.

சிக்ஸ் பேக் தெரியவில்லை. மேல் வயிற்றில் ஒரு கோடு வெளிச்சத்தில் தெரிகிறது, அவ்வளவுதான். ஆண்களுக்கு உடல் கொழுப்பு 12 சதவீதத்தை ஒட்டி இறங்கினால்தான் கட்டம் கட்டமாகத் தெரியும். எத்தனை கட்டம், நேராகவா ஏறுமாறாகவா என்பது ரெக்டஸின் குறுக்கே ஓடும் தசைநார்க் கோடுகள் பிறவியில் அமைந்த விதம். எந்தப் பயிற்சியும் அதை மாற்றாது.

இதே திட்டத்தை எல்லாருக்கும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. குழந்தை பெற்ற பெண்களுக்கு, தலையைத் தூக்கும்போது வயிற்றின் நடுக்கோடு கூம்பாக எழும்பினால் க்ரஞ்சும் முழு பிளாங்கும் முதலில் வேண்டாம். மூச்சோடு சேர்ந்த இறுக்கமும் டெட் பக்கின் எளிய வடிவமும் போதும். பெரிய தொப்பை உள்ள ஆண்களுக்கும் அந்தக் கூம்பு வருவதுண்டு. குடலிறக்கம், அண்மையில் வயிற்று அறுவை, கட்டுப்படாத ரத்த அழுத்தம், எலும்பு தேய்ந்த முதியவர்கள் ஆகியோர் மருத்துவர் சொல்லும் வரை வளைக்கும் பயிற்சிகளைத் தொட வேண்டாம்.

இப்போது அவருக்கு வாரத்தில் இரண்டு நாள் முழு உடல் பயிற்சி, முடிவில் எட்டு நிமிடம் வயிற்றுக்கு. தினமும் தெப்பக்குளம் மூன்று சுற்று. இடப்புறத்துக்கான கூடுதல் செட் தொடர்கிறது, ஏனென்றால் வித்தியாசம் இன்னும் 5 சதவீதத்துக்கு மேல். அடுத்த அளவீடு தீபாவளி ஆர்டர்கள் தொடங்குவதற்கு முன். அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்குப் பன்னிரண்டு நிமிடத் திட்டம் மட்டும்.